கட்டாயப் பட்டாளம் நியாயமா?

எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நம் ஊர்த் திண்ணைகளிலும் டீக்கடைகளிலும் ஒரு பேச்சு எழும்புவது வழக்கம். 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோதும் அது எழும்பிற்று. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகள் அனைவரையும் இரண்டு வருஷம் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் தேசமும் உருப்படும், பிள்ளைகளும் உருப்படுவார்கள் என்பது ஒரு கட்சி. பெற்று வளர்த்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகச் சர்க்காருக்கு என்ன அதிகாரம் என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். ஒரே வீட்டில் தகப்பனார் ஒரு பக்கமும் தாயார் மறு பக்கமும் நிற்பதுண்டு. ஆகையால் இவ்வாரம் இக்காரியத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலாவது, நம் தேசத்து நிலைமை. இந்தியாவில் கட்டாய இராணுவ சேவை இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியிலும் இந்தியரைச் சட்டம் போட்டுப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. 1917இல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், இந்நாட்டிலிருந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்குத்தான் கட்டாயம் என்றது. இந்தியருக்கு விருப்பம் என்று விட்டுவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஏறக்குறைய 25 லட்சம் இந்தியர் தாங்களாகவே பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள். (முதல் யுத்தத்தில் பஞ்சாப் கிராமங்களில் ஆள் சேர்த்தவர்கள் காட்டிய நெருக்கடி வேறு கதை. சட்டப் புத்தகத்தில் இல்லாத கட்டாயமும் உலகத்தில் உண்டு.)

இதனால் சர்க்காருக்கு அதிகாரமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1950இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 23ஆம் ஷரத்து, வெட்டிவேலை வாங்குவதையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. ஆனால் அதே ஷரத்தின் இரண்டாம் பகுதி, பொதுக் காரியத்திற்காக ராஜ்யம் கட்டாய சேவை விதிக்கலாம் என்று இடம் விடுகிறது. விதிக்கும்போது மதம், இனம், ஜாதி, வகுப்பு என்ற காரணத்தை மட்டும் கொண்டு பேதம் பாராட்டக் கூடாது என்பது நிபந்தனை. 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாகச் சேர்ந்த பிரஜைகளின் கடமைகளில், தேசத்தைக் காப்பதும், அழைக்கப்பட்டால் தேச சேவை செய்வதும் இடம்பெற்றுள்ளன. ஆக, அதிகாரம் இருக்கிறது, உபயோகிக்கவில்லை. உபயோகிக்க வேண்டுமா என்பதே கேள்வி.

காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட அதிகாரம் புதிதல்ல. 1858இல் சென்னை மாகாணத்திற்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று உண்டாயிற்று. ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ வாய்க்கால் கரையோ உடைத்துக்கொள்ளும் ஆபத்து நேரிட்டால், பொறுப்பிலுள்ள அதிகாரி அக்கம்பக்கத்துக் கிராமத் தலைவர்களுக்குச் சொல்லி அனுப்புவார். அவர்கள் உடல் வலுவுள்ள ஆண்களைக் கரைக்கு அழைக்க வேண்டும். வந்தவனுக்குக் கூலி உண்டு; வர மறுத்தவனுக்குத் தண்டனை உண்டு. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தைப் பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இச்சட்டத்தின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனதையும், மண்மூட்டைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி அதை அடைத்ததையும் நாமே கண்டோம்.

நடுநிசியில் கரை கசிகிறது என்று தமுக்கு அடிக்கிறார்கள். ஒருவன் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுக்கலாமா? அவன் வராவிட்டாலும் மற்றவர்கள் நின்று கரையைக் காத்தால் அவன் வீடும் வயலும் சேர்ந்தே தப்பும். அவன் பிறர் தோளில் ஏறிக்கொண்டு தப்பினவன் ஆவான். எல்லாரும் அவனைப்போல் எண்ணினால் ஒருவரும் தப்பமாட்டார்கள். கட்டாய சேவைக்கு ஆதரவாகச் சொல்லும் நியாயங்கள் எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் பலமானது இதுதான். எதிர்க்கட்சியார் இதற்குப் பதில் சொல்லாமல் சுதந்தரம், சுதந்தரம் என்று மட்டும் பேசுவது போதாது.

ஆனால் அந்த 1858ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டும். எல்லா ஆண்களையும் அது அழைக்கவில்லை. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்களையே அழைத்தது. கரை உடைந்தால் அதிகம் இழப்பவர் நூறு வேலி நஞ்சைக்குச் சொந்தக்காரரான மிராசுதார். இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் கழியும் வைக்கோலும் மண்ணும் சுமந்து நின்றவனோ ஒரு குழி நிலமும் இல்லாத பண்ணையாள். ஆபத்து எல்லாருக்கும் பொது, கட்டாயம் மட்டும் ஒரு சாராருக்கு! நம் சாசனத்தில் ஜாதி என்ற சொல்லோடு வகுப்பு என்ற சொல்லும் நிற்கிறதே, அது வீணாக நிற்கவில்லை.

ஆகவே எந்தக் கட்டாய சேவையைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கலாம். கரை உண்மையாகவே உடையப் போகிறதா? அழைப்பு எல்லா வீட்டுக்கும் போகிறதா? வெள்ளம் வடிந்ததும் ஆளை வீட்டுக்கு விடுகிறார்களா? நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அது ஆற்றங்கரையில் எழாது. மண்மூட்டை தூக்குவதில் பாவம் ஒன்றுமில்லை. துப்பாக்கி தூக்கும்போது மனச்சாட்சி பேசும். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆதரவுக் கட்சியாரின் இரண்டாவது நியாயமும் அலட்சியம் செய்யத் தக்கதல்ல. நமது பட்டாளம் சுயவிருப்பப் பட்டாளம் என்கிறோம். யாருடைய விருப்பம்? கப்பல் கம்பெனியிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ இடம் கிடைத்த பிள்ளை பட்டாளத்திற்கு ஏன் போகிறான்? தகப்பனுக்கு நிலமில்லை, தங்கைக்குக் கலியாணம் ஆகவில்லை, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் ஆள் சேர்க்கும் இடத்தில் ஓடிக் காட்டுகிறான். அவனிடம் தேசபக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை, நிரம்ப இருக்கிறது. ஆனால் யுத்தம் வேண்டும் என்று உரக்கப் பேசுகிறவர்களின் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது போகிறதா என்று பாருங்கள். எல்லார் பிள்ளையும் போக வேண்டும் என்று சட்டம் வந்தால், யுத்தத்தைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் நிதானம் வரும் என்கிறார்கள். இது நல்ல நியாயம். சுவிட்சர்லாந்து ஜனங்கள் 2013 செப்டம்பரில் வாக்களித்தபோது, கட்டாய சேவையை எடுத்துவிட வேண்டாம் என்று 100க்கு 73 பேர் சொன்னார்கள்.

சிங்கப்பூரின் சரித்திரம் இதைவிடத் தெளிவு. 1954இல் அங்கே ஆங்கில சர்க்கார் தேசிய சேவைச் சட்டம் கொண்டுவந்து வாலிபர்களைப் பதிவு செய்யச் சொன்னது. மே மாதம் 13ஆந் தேதி சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீசாரோடு கைகலப்பு ஆயிற்று. நம்மை ஆள நமக்கு உரிமையில்லை. ஆளுகிறவனுக்காகச் சாக மட்டும் நாம் வேண்டுமா என்பது அவர்கள் கட்சி. 1965 ஆகஸ்டு 9ஆந் தேதி சிங்கப்பூர் தனித் தேசம் ஆயிற்று. இரண்டு பட்டாலியன்தான் கையில் இருந்தது. 1967இல் அந்தச் சுதேச சர்க்கார் அதே தேசிய சேவையைக் கொண்டுவந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் முதல் அணி முகாமுக்குப் போயிற்று. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் சட்டம் ஒன்றே. பதிமூன்று வருஷத்திற்குள் ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சட்டம், ஆனால் வேறு பலன். கட்டாயம் செய்கிறவன் யார், அவனைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் நமக்கு அதிகாரம் உண்டா என்பதைப் பொறுத்தே ஜனங்கள் அதைச் சுமக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒழுங்கு வரும் என்ற மூன்றாவது நியாயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. சீனாக்காரனோடு நடந்த யுத்தத்திற்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். திருச்சியிலும் கும்பகோணத்திலும் அக்காலத்தில் படித்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். 1968இல் கட்டாயம் போய்விட்டது; விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று ஆயிற்று. அதே வருஷம் நம் சட்டமன்றத்தில் மொழிக்கொள்கைத் தீர்மானம் வந்தபோது, என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களும் தகராறுக்கு வந்தன. ஐந்து வருஷக் கட்டாயத்தால் ஒரு தலைமுறை முழுவதும் திருந்திவிட்டது என்று அத்தலைமுறையாரே சொல்லமாட்டார்கள். ஒழுங்கு வீட்டில் வர வேண்டியது. வீட்டில் வராததைச் சுபேதார் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது பெற்றோர் தங்கள் கடமையைச் சர்க்கார் தலையில் வைப்பதாகும்.

இனி எதிர்க்கட்சியாரின் நியாயங்கள். முதலாவது வெறும் கணக்கு. நம் முப்படையிலும் சேர்த்து ஏறக்குறைய 14 லட்சம் பேர் இருக்கிறார்கள். வருஷந்தோறும் பதினெட்டு வயதை எட்டும் ஆண்பிள்ளைகள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். இரண்டு வருஷ சேவை என்றால் எந்த நேரத்திலும் இரண்டு கோடிப் பேர் முகாமில் இருப்பார்கள். ஆளுக்கு அரைக்கிலோ அரிசி என்றாலும் நாளொன்றுக்கு 10,000 டன் வேண்டும். குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீருக்காக மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு இந்தக் கணக்கு புரியும். இத்தனை பேருக்குத் துப்பாக்கியும் உடுப்பும் வாத்தியாரும் எங்கே? எல்லாரையும் எடுக்க முடியாதென்றால் சிலரை எடுக்க வேண்டும். சிலரை எடுப்பதென்றால் யாரை விடுவது என்ற கேள்வி வரும். பணமும் சிபாரிசும் அந்த இடத்தில்தான் நுழையும்.

இது வீண் பயமல்ல. அமெரிக்காவில் 1863இல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே கட்டாய சேவைச் சட்டம் வந்தபோது, 300 டாலர் கட்டினவன் வீட்டிலிருக்கலாம் என்று விதி இருந்தது. அந்த வருஷம் ஜூலையில் நியூயார்க் நகரத்து ஏழைகள் கலகம் செய்தார்கள். அக்கலகத்தில் ஒரு பாவமும் அறியாத கறுப்பு மக்களைக் கொன்றார்கள் என்பது அதைவிடத் துக்கம். நெப்போலியன் காலத்துப் பிரான்சிலும் பணம் கொடுத்துப் பதில் ஆள் அனுப்பலாம். பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலரான அர்ச். மரிய வியான்னி 1809இல் அழைக்கப்பட்டு, நோயால் பின்தங்கி, தன் படைப்பிரிவைத் தவறவிட்டு, மலைக் கிராமம் ஒன்றில் வேறு பெயரில் ஒளிந்திருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1810இல் பொது மன்னிப்பு வந்தது. அவருக்குப் பதிலாகப் பட்டாளம் போனவர் அவருடைய தம்பி. இதை நினைத்து அர்ச்சியசிஷ்டவர் பெருமைப்படவில்லை. நாமும் பெருமை பேச வேண்டாம்.

இரண்டாவது நியாயம், ஆள் பஞ்சம் இல்லை என்பது. 2022 ஜூன் மாதத்தில் அக்னிபத் திட்டம் வந்தது. நாலு வருஷ சேவை. முடிந்ததும் 100க்கு 25 பேர்வரை நிலைக்கலாம், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீடு திரும்ப வேண்டும். வடக்கே ரயில் பெட்டிகளைக் கொளுத்தும் அளவுக்குக் கோபம் எழுந்தது. அந்தக் கோபத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: பட்டாளத்திற்கு வரமாட்டோம் என்பதல்ல, பட்டாளத்தில் நிலையாக வையுங்கள் என்பது. அவ்வருஷம் விமானப்படையில் சுமார் 3,000 இடங்களுக்கு 7 லட்சத்து 49 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். கரையில் நிற்க இத்தனை பேர் தாமாக வந்து காத்திருக்கும்போது, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதற்கு நியாயம் என்ன?

மூன்றாவதைச் சொல்லக் கோடிக்கரைக்கு அப்பால், படகில் போய்ச் சேரும் தூரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் தமிழ் ஜனங்களுக்கு நேரிட்ட கட்டாய சேவை அதுவே. இலங்கை வன்னியில், யுத்தத்தின் கடைசி வருஷங்களில், வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகள் பிள்ளைகளைக் கேட்டார்கள். பின்பு ஒருவரோடும் நிற்கவில்லை. கலியாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, அறியா வயதில் பிள்ளைகளுக்குத் தாலி கட்டிவைத்த பெற்றோர் உண்டு. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, பதினாலு வயதுப் பிள்ளைகளையும் எடுத்தார்கள் என்கிறது. 2009 ஏப்ரலில் வலைஞர்மடம் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த வாலிபரையும் கன்னிப் பெண்களையும் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும் அதே அறிக்கை சொல்லுகிறது. கடைசி மாதங்களில் ஜனங்கள் மாண்டதற்குப் பெரும்பாலும் காரணம் சர்க்கார் படையின் குண்டுவீச்சு என்பதையும் அது மறைக்கவில்லை. ஒரு பக்கத்தைச் சொல்லி மறு பக்கத்தை விழுங்குவது முறையல்ல. ஆனால் நம்மவர் செய்தார்கள் என்பதற்காகக் கட்டாயம் நியாயமாகிவிடாது. கரை உண்மையாகவே உடைந்துகொண்டிருந்தது. அதை மறுக்க முடியாது. அப்படியிருந்தும் குழந்தையை எடுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. தங்களிடம் கணக்குக் கேட்க ஜனங்களுக்கு வழியே விடாதவர்கள், ஜனங்களின் பிள்ளைகளைக் கேட்கவும் முடியாது.

இப்போது மனச்சாட்சியின் கேள்வி. தேசத்தின் பாதுகாப்புக்காக ஆயுதம் தரிப்பதைத் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை. பட்டாளத்தில் நேர்மையாகக் கடமை செய்கிறவர்கள் சமாதானத்திற்கு உதவுகிறவர்கள் என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. அதே ஏட்டில், அதே 79ஆம் எண்ணில், மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுக்கிறவர்களுக்குச் சட்டம் இரக்கத்தோடு இடம் கொடுக்க வேண்டும், அவர்கள் வேறு விதத்தில் ஜனசமூகத்திற்கு ஊழியம் செய்யச் சம்மதிக்க வேண்டும் என்றும் போதித்தது. ஊழியமே செய்யமாட்டேன் என்பவனுக்கு அங்கே இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மைப்போல நிலத்தை நம்பி வாழ்ந்த ஒரு சம்சாரியின் வரலாறு இதற்கு உதாரணம். பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர் என்பவர் ஆஸ்திரிய தேசத்துக் குடியானவர். தம் பங்குக் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் இருந்தார். மனைவியும் சிறு பெண்குழந்தைகளும் உண்டு. இட்லரின் யுத்தம் அநீதியான யுத்தம், அதில் சண்டை செய்வது எனக்குப் பாவம் என்று 1943இல் மறுத்துவிட்டார். காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்யச் சம்மதம் என்றார், அதிகாரிகள் ஒப்பவில்லை. அக்கம்பக்கத்தார் மட்டுமல்ல, குருக்களும் அவருடைய மேற்றிராணியாரும்கூடக் குடும்பத்தை நினைத்துப் போய்விடும்படி புத்தி சொன்னார்கள். அவர் போகவில்லை. 1943 ஆகஸ்டு 9ஆந் தேதி அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். 2007 அக்டோபர் 26ஆந் தேதி திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது. புத்தி சொன்ன குருக்களை ஏசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால், அந்தப் பெண்குழந்தைகளைப் பார்த்தபின் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு குடியானவனின் மனச்சாட்சி, படித்தவர்கள் எல்லாருடைய புத்தியையும்விடத் தெளிவாயிருக்கக்கூடும். அதற்கு வாசல் விடாத கட்டாயச் சட்டம் குறையுள்ள சட்டமே. தென்கொரியா வெகுகாலம் மறுத்தவர்களைச் சிறையில் அடைத்தது. 2018இல் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், 2020 முதல் 36 மாத மாற்று ஊழியம் ஏற்பட்டிருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இன்று நம் தேசத்தில் சமாதான காலத்துக் கட்டாயப் பட்டாளத்திற்குப் போதிய நியாயம் இல்லை. சேர விரும்புகிறவர்களுக்கே இடமில்லாதபோது மற்றவர்களைப் பலவந்தம் செய்ய வேண்டியதில்லை. நாளைக்கு உண்மையாகவே தேசத்தின் கரை உடையும் காலம் வந்து, மந்திரி வீட்டுப் பிள்ளைக்கும் நாற்று நடுகிறவள் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஒரே ஓலை வருமானால், அப்போது நம் பிள்ளைகளைத் தடுக்க நமக்கு உரிமையில்லை.

கடைசியாக, இக்கேள்வி நம் பங்கில் சில குடும்பங்களுக்கு வெறும் பேச்சல்ல. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கங்களிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே நிரந்தரவாச உரிமைக்கு மனுச் செய்கிறவர்கள் பலர். வேலைத் தகுதியின் பேரில் முதலில் அவ்வுரிமை பெறும் தகப்பனுக்குச் சேவை இல்லை. அவர் மூலமாக அவ்வுரிமை பெறும் மகனுக்கு உண்டு: பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் முகாம், இரண்டு வருஷம் முழுநேர சேவை, அதற்குப்பின் பொதுவாக நாற்பது வயதுவரை வருஷாவருஷம் அழைப்பு. மனச்சாட்சியின் பேரில் விலக்கு அங்கே கிடையாது. மறுத்த யெகோவா சாட்சிகள் சிறைக்குப் போகிறார்கள். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்துவிட்டால், பின்னால் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ மனுச் செய்யும்போது அது குறுக்கே நிற்கும். ஆகையால் மகனுடைய பெயரையும் சேர்த்து மனுவில் கையெழுத்திடுமுன், பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே தாயும் தகப்பனும் இதைக் கலந்து பேசுங்கள். விவரம் தெரிந்த வயதானால் அவனையும் கூப்பிட்டுக் கேளுங்கள். முகாமுக்குப் போகப் போகிறவன் அவன். இதைப் பற்றிச் சந்தேகமுள்ளவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோயில் பங்களாவுக்கு வரலாம்.